வாடகை வானம்

ஸ்டார் வார்ஸ் பெரிதா, ஸ்டார் டிரெக் பெரிதா என்று யாராவது கேட்டால் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். ஸ்டார் வார்ஸ்தான். திரையரங்க வசூலில் அது 1000 கோடி டாலரைத் தாண்டியாகிவிட்டது. ஸ்டார் டிரெக்கின் 13 படங்களையும் ஒன்றாகக் கட்டித் தூக்கினாலும் 200 கோடி டாலரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குருணில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில் டார்த் வேடரைத் தெரியாத ஆள் கிடையாது. ஸ்போக்கின் படத்தைக் காட்டினால், "யார் லா இது, காது இப்படி இருக்கு?" என்பார்கள்.

ஆனால் திரையை விட்டுவிட்டுப் புத்தக அலமாரிப் பக்கம் வந்தால் இந்தப் போட்டி வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு உலகங்களையும் ஒட்டிப் பல நூறு நாவல்கள் வந்திருக்கின்றன. நம் இலக்கிய நண்பர்களிடம் அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்பார்கள். பொம்மை, டீ-சட்டை, தண்ணீர்ப் போத்தல் வரிசையில் அதுவும் ஒரு சரக்கு என்பது அவர்கள் முடிவு. பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது நம்மையும், குறிப்பாக மலேசியாவில் தமிழ் படிக்கும் பிள்ளைகளையும் தொடுகிற விஷயம்.

முதலில் ஒரு சொல் வேண்டும். ஒரு படத்தையோ தொடரையோ சார்ந்து, அதே பாத்திரங்களை வைத்து, வேறொருவர் எழுதும் நாவலை ஆங்கிலத்தில் டை-இன் என்கிறார்கள். நான் ஒட்டு நாவல் என்று சொல்கிறேன். ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுக் கன்று தெரியும். வேர் ஒரு மரத்துடையது, மேலே தழைப்பது வேறொன்று. பால் வெட்டும்போது யாரும் அதைப் போலி மரம் என்று சொல்வதில்லை.

*

ஸ்டார் டிரெக் 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, மூன்று பருவங்களும் 79 அத்தியாயங்களும் ஓடி, 1969இல் நின்றுபோனது. திரையில் அடுத்த படம் வந்தது 1979இல். நடுவே பத்து ஆண்டுகள். மறு ஒளிபரப்பும் ரசிகர் மாநாடுகளும் ஒரு பக்கம் அந்த உலகத்தைக் காப்பாற்றின. இன்னொரு பக்கம் புத்தகங்கள். 1967இலேயே ஜேம்ஸ் பிளிஷ் அத்தியாயங்களைச் சிறுகதைகளாக எழுதத் தொடங்கியிருந்தார். பிளிஷ் சாதாரண ஆள் இல்லை, ஹியூகோ விருது வாங்கிய அறிபுனை எழுத்தாளர். பல கதைகளைத் தொடரைப் பார்க்காமலேயே, கைக்கு வந்த திரைக்கதைப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினார். அதனால் அவர் கதைகளில் சில இடங்கள் திரையில் வந்ததோடு ஒத்துப்போகாது. 1970இல் 'ஸ்போக் மஸ்ட் டை' என்று சொந்தமாகவும் ஒரு நாவல் எழுதினார்.

பிறகு பாக்கெட் புக்ஸ் காலம். 1981இல் வோண்டா மெக்கின்டயர் எழுதிய 'தி என்ட்ரோபி எஃபெக்ட்' வந்தது. தொடரில் கப்பலைச் செலுத்தும் சூலுவுக்கு வெறும் குடும்பப் பெயர்தான் இருந்தது. மெக்கின்டயர் அந்த நாவலில் அவருக்கு ஹிகாரு என்று பெயர் வைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1991இல் வந்த ஆறாவது படத்தில் அந்தப் பெயர் திரையிலேயே உச்சரிக்கப்பட்டது. ஆசிய முகம் கொண்ட ஒரு பாத்திரம், முழுப்பெயர்கூட இல்லாமல் மூன்று பருவங்கள் ஓட்டியிருக்கிறது. அவனுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்குமே என்று யோசித்தவர் ஓர் ஒட்டு நாவலாசிரியர். கோபுரத்தில் பெரிய சிற்பமெல்லாம் இருக்கட்டும், இந்த மாதிரிச் சின்னக் காரியத்துக்காகத்தான் எனக்கு நாவல் என்ற வடிவமே பிடிக்கிறது.

அதைவிடத் துணிச்சலானது ஜான் எம். ஃபோர்டு 1984இல் எழுதிய 'தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்'. தொடரில் கிளிங்கன்கள் வில்லன்கள், பனிப்போர்க் காலத்து எதிரியின் நிழல். ஃபோர்டு நாவலை அவர்கள் பக்கம் நின்று எழுதினார். அவர்களுடைய விளையாட்டு, குடும்ப அமைப்பு, அரசியல் தந்திரம் எல்லாம் உள்ளிருந்து வருகின்றன. கிர்க்கும் ஸ்போக்கும் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். எதிரியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கிற மாதிரி. 1987இல் தொடங்கிய புதிய தொலைக்காட்சித் தொடர் கிளிங்கன்களை வேறு விதமாக அமைத்துக்கொண்டது. ஃபோர்டு கட்டிய நாகரிகம் திரைக்குப் போகவில்லை, புத்தகத்திலேயே நின்றுவிட்டது. இன்றும் படிக்கலாம். படித்தால், ஒரு வணிக உலகத்துக்குள் இவ்வளவு சுதந்திரம் ஒருவருக்கு எப்படிக் கிடைத்தது என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஸ்டார் வார்ஸில் புத்தகம் படத்துக்கு முன்பே வந்துவிட்டது. படம் 1977 மே மாதம். நாவல் 1976 முடிவதற்குள். அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர், எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். 1978இல் ஃபாஸ்டரே தன் பெயரில் 'ஸ்ப்லின்டர் ஆஃப் த மைண்ட்ஸ் ஐ' எழுதினார். முதல் படம் ஓடாவிட்டால் குறைந்த செலவில் எடுத்துவிடக்கூடிய கதையாக அது திட்டமிடப்பட்டது. படம் ஓடிய ஓட்டத்தில் அந்தத் தேவையே வரவில்லை.

1983இல் மூன்றாவது படம் வந்தபின் ஸ்டார் வார்ஸும் அடங்கிப்போனது. அதைத் தட்டி எழுப்பியதில் பெரிய பங்கு ஒரு நாவலுக்கு. திமதி சான் 1991இல் எழுதிய 'ஏர் டு தி எம்பயர்' நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. படம் இல்லாத காலத்தில், வெறும் எழுத்தாக. சானின் நடையில் கவித்துவம் தேடினால் கிடைக்காது, இயந்திரம் மாதிரி ஓடும் நடை. ஆனால் அவர் படைத்த த்ரான் என்ற எதிர்நாயகன் ஒரு நல்ல வாசகன். எதிரியைத் தோற்கடிக்க அவர்களுடைய ஓவியங்களையும் சிற்பங்களையும் உட்கார்ந்து பார்ப்பான். ஒரு இனத்தின் கலையைப் படித்தால் அதன் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது அவன் கணக்கு. விமர்சகன் வில்லனாக வரும் வெகுஜன நாவல் வேறு எத்தனை இருக்கிறது? பேரரசின் தலைநகரக் கிரகத்துக்கு கொரஸ்கன்ட் என்று பெயர் வைத்ததும் சான்தான். பின்னால் வந்த படங்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஸ்டார் வார்ஸ் ஒட்டு நாவல்கள் பெரும்பாலும் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கின்றன. போர் முடிந்தது, அடுத்த போர் எப்போது? ஸ்டார் டிரெக்கின் நல்ல நாவல்கள் 'இவங்க யாரு?' என்று கேட்கின்றன. முதல் கேள்விக்கு வாசகர்கள் அதிகம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. சிறுவயதில் நாம் எல்லோரும் கேட்டது அந்தக் கேள்விதான். ஆனால் திரும்பப் படிக்க வைப்பது இரண்டாவது. விற்பனையில் ஸ்டார் வார்ஸுக்குக் கொடுத்த மாலையை நாவல் என்ற கணக்கில் நான் ஸ்டார் டிரெக்குக்குத்தான் போடுவேன்.

*

இனி கசப்பான பகுதி. இந்த நாவலாசிரியர்கள் யாருக்கும் அந்த உலகம் சொந்தம் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குகிறார்கள். சூலுவின் பெயர், த்ரான், கொரஸ்கன்ட் எல்லாம் முதலாளியின் சொத்து. 2014 ஏப்ரல் 25 அன்று, டிஸ்னி வாங்கியபின் லூகாஸ்ஃபிலிம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அதுவரை வந்த நாவல்களும் காமிக்ஸும் கட்டியெழுப்பிய கதை வரலாறு இனி அதிகாரபூர்வமானதல்ல. 'லெஜன்ட்ஸ்' என்ற முத்திரையோடு தனியாக விற்கப்படும். புதுப் படங்களுக்கு இடம் வேண்டும், பழைய வீடுகள் மறைக்கின்றன. ஒரே நாளில் இருபது வருட வாசிப்பு 'செவிவழிக் கதை' ஆகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஹாலிவுட் ஞாபகம் வரவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. குருண், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று இந்த வழி நெடுகிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்து வீட்டுக்கு யாரிடமும் பட்டா இல்லை. தோட்டம் கைமாறினால் ஆபீஸிலிருந்து கடிதம் வரும். மரம் நட்டது நாம், பால் வெட்டியது நாம், கோயில் கட்டியது நாம் என்று சொல்லலாம். நிலம் யாருடையது என்பதுதான் கேள்வி.

ஸ்டார் டிரெக்கில் முடிவு கொஞ்சம் மரியாதையாக நடந்தது. 2020இல் வந்த 'பிக்கார்ட்' தொடர், நாவல்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதையை மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டு டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் என்ற மூன்று பேர் 'கோடா' என்ற மூன்று நாவல்களை எழுதி, தங்கள் காலக்கோட்டைத் தாங்களே முடித்து வைத்தார்கள். மற்ற உலகங்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பாத்திரங்கள் தங்கள் உலகத்தை அழியக் கொடுக்கின்றன. ஸ்டார் வார்ஸ் எழுத்தாளர்களுக்கு வந்தது வெளியேற்றக் கடிதம். ஸ்டார் டிரெக் எழுத்தாளர்களுக்குக் கோயிலில் கடைசித் திருவிழா நடத்திவிட்டுப் போக அனுமதி கிடைத்தது. ஆனால் இரண்டு பேரும் காலி செய்ததென்னவோ உண்மை.

கூலியாவது ஒழுங்காக வந்ததா? முதல் ஸ்டார் வார்ஸ் நாவலை எழுதிய அதே ஆலன் டீன் ஃபாஸ்டர், 2020இல் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கத்தின் வழியாகப் பகிரங்கமாக முறையிட்டார். டிஸ்னி கைக்குப் போனபின் தன் ஸ்டார் வார்ஸ், ஏலியன் நாவல்களுக்கு ராயல்டி வரவில்லை என்றார். அவர் விஷயம் பிறகு பேசித் தீர்க்கப்பட்டது. ஆனால் அவ்வளவு பெயர் பெற்றவரே சங்கத்தைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

*

தமிழுக்கு வருவோம். நம்மிடம் போட்டி அறிபுனை உலகங்கள் இருந்திருக்கின்றனவா? இருந்திருக்கின்றன, ஆனால் இறக்குமதியாக. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஸ்பைடரையும் இயந்திர மனிதன் ஆர்ச்சியையும் கொண்டுவந்தது. மாயாவி கட்சி, ஸ்பைடர் கட்சி என்று நம் அப்பா, சித்தப்பா தலைமுறையில் பிள்ளைகள் சண்டை போட்டிருக்கிறார்கள். எல்லாமே பிரிட்டிஷ் வார இதழ்ச் சரக்கு. ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். தமிழ்ப் பிள்ளைகள் அவ்வளவு நேசித்த மாயாவிக்குத் தமிழில் புதிதாக ஒரு சாகசம் எழுத வழியில்லை. பிரிட்டனில் தீர்ந்தால் இங்கேயும் தீர்ந்தது. முழு வாடகை.

சொந்தமாக ஒன்று முளைத்தது. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா', பிறகு அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'. பெயர்கள் இரண்டெழுத்துக்குச் சுருக்கப்பட்ட நாடு, பிள்ளை பெற அரசாங்க அனுமதி, ஜீவா என்ற சர்வாதிகாரி, நிலா என்ற சாதாரணப் பெண், ஜீனோ என்ற இயந்திர நாய். நாய் புத்தகம் படிக்கிறது, படிக்கப் படிக்கத் தானாக யோசிக்கத் தொடங்குகிறது. தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ஒரு ஃபிரான்சைஸுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருந்தது: விதிமுறைகள் தெளிவாக உள்ள உலகம், பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரு பாத்திரம், பெரியவர்களுக்குப் புரியும் அரசியல், திரை வடிவம். சுஜாதா எழுதிய அந்த எதிர்காலத்தைக் காலண்டரில் நாம் கடந்துவிட்டோம். ஜீனோ மட்டும் பழசாகவில்லை. நம்மிடம் பேசும் செயலிகள் கைப்பேசிக்குள் வந்துவிட்ட இந்த நாளில் அதைப் படித்தால், அன்று நகைச்சுவையாகத் தெரிந்த சில இடங்கள் இன்று வயிற்றைக் கலக்குகின்றன.

ஆனால் ஜீனோ இரண்டு நாவல்களோடு நின்றுவிட்டது. 2010இல் வந்த 'எந்திரன்' சுஜாதாவின் கையும் பட்ட படம், 2018இல் '2.0' வந்தது. ரஜினி முகமுள்ள சிட்டியை உலகமே பார்த்தது. சிட்டியை வைத்து எழுதிய ஒரு தமிழ் நாவலைப் படித்தேன் என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஏன் இப்படி? நம் ஆட்களுக்குத் தொடர் கதை பிடிக்காது என்று சொல்ல முடியாது. கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா, நரேன்-வைஜெயந்தி என்று மாத நாவல்கள் கொழித்த மொழி இது. ராஜேஷ்குமார் ஒருவரே 1,000க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் இதே மாதிரி மலிவுப் பதிப்பாக 1961இல் 'பெர்ரி ரோடன்' என்ற அறிபுனை வார இதழ் தொடங்கியது. 2019இல் 3000ஆவது இதழ் வந்தது. அங்கே கதையின் பெரும்போக்கை ஒருவர் வகுத்துக் கொடுப்பார், வாராவாரம் வெவ்வேறு எழுத்தாளர்கள் எழுதுவார்கள். நம்மிடம் அதே காகிதம், அதே விலை, அதே பேருந்து நிலையக் கடை எல்லாம் இருந்தன. வித்தியாசம் ஒன்றுதான். நாம் உலகத்தை வாங்கவில்லை, எழுத்தாளர் பெயரை வாங்கினோம். கணேஷை வேறு ஒருவர் எழுதினால் அது கணேஷ் இல்லை என்பது வாசகர் மனசில் ஊறிய சட்டம்.

இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அது முழுசாகப் பொருந்தவில்லை. ஏனென்றால் தமிழில் ஒட்டு நாவல் இருக்கிறது, நாம்தான் அதை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். வந்தியத்தேவனும் குந்தவையும் கல்கியோடு முடிந்துவிடவில்லை, வாசகர்கள் விக்கிரமனை விரட்டியடிக்கவும் இல்லை. இன்னும் பின்னால் போனால், புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' என்ன? அகலிகை கதையில் ராமனின் கால் பட்டுக் கல் பெண்ணானது, சரி. அதற்கப்புறம் அவளும் கோதமனும் ஒரே வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள்? 'அப்புறம் என்ன ஆச்சு?' 'இவங்க யாரு?' என்ற இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் கேட்ட கதை அது. ஒட்டு எழுத்து என்றாலே மட்டம் என்று சொல்கிற நண்பர், தன் பத்துச் சிறந்த சிறுகதைப் பட்டியலில் 'சாப விமோசன'த்தை வைத்திருப்பார்.

அப்படியானால் தரம் ஒட்டுவதால் கெடுவதில்லை. எந்த நிலத்தில் ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். ராமாயணத்துக்கு முதலாளி இல்லை. அகலிகையை யாரும் 'அதிகாரபூர்வமற்றவள்' என்று அறிவிக்க முடியாது. சோழர் வரலாறும் அப்படியே. பொது நிலத்தில் ஒட்டியது இலக்கியமாகத் தங்குகிறது. தோட்ட நிலத்தில் ஒட்டியது, எவ்வளவு நன்றாகத் தழைத்தாலும், கடிதம் வரும் வரைக்கும்தான். ஃபோர்டின் கிளிங்கன்களுக்கும் புதுமைப்பித்தனின் அகலிகைக்கும் நடுவே நான் பார்க்கும் தூரம், திறமையில் இருப்பதைவிடப் பத்திரத்தில்தான் அதிகம் இருக்கிறது.

*

இதெல்லாம் குருணில் உட்கார்ந்துகொண்டு யோசிக்கிற விஷயமா என்று கேட்கலாம். இங்கேதான் யோசிக்க வேண்டும். ஏனென்றால் இன்று மலேசியாவில் உண்மையான போட்டி ஸ்டார் வார்ஸுக்கும் ஸ்டார் டிரெக்குக்கும் நடுவே நடக்கவில்லை. போபோய்போய்க்கும் எஜென் அலிக்கும் நடுவே நடக்கிறது.

தெரியாதவர்களுக்காக: அனிமோன்ஸ்தா ஸ்டுடியோவின் 'போபோய்போய்' 2011இல் டிவி3இல் வந்தது. வாவ் அனிமேஷனின் 'எஜென் அலி' 2016இல் அதே அலைவரிசையில். 2019இல் இரண்டுக்கும் சில மாத இடைவெளியில் படம் வந்தது, இரண்டுமே உள்நாட்டில் ஏறக்குறைய மூன்று கோடி ரிங்கிட் வசூலித்தன. ரசிகப் பிள்ளைகள் யூடியூப்பில் அடித்துக்கொண்ட அடி இன்னும் ஓயவில்லை.

அறிபுனை என்ற அளவில் இரண்டும் நல்ல விதைகள். போபோய்போயில் அடு டு என்ற வேற்றுக்கிரகவாசி பூமிக்குப் படையெடுப்பது தங்கத்துக்காக இல்லை, கொக்கோவுக்காக. அவனுக்கு அதுதான் எரிசக்தி. தோட்டப் பயிருக்காக வெளியூர்க்காரன் கப்பலேறி வருகிற கதை இந்த மண்ணுக்குப் புதுசா என்ன? சிரிக்கச் சிரிக்க ஒரு காலனிய வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். எஜென் அலியின் படம் இன்னும் நேராக வருகிறது. சைபராயா என்ற மினுமினுக்கும் உயர்தொழில்நுட்ப நகரம், அதன் வளர்ச்சியில் ஓரங்கட்டப்பட்ட பிங்கிரான் என்ற விளிம்புப் பகுதி. எதிராளி நிக்கியின் கோபம் அங்கிருந்து வருகிறது. வீட்டை இழந்தவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று ஒரு சிறுவர் படம் ஒப்புக்கொள்கிறது. கதை முறையில் கேட்டால் என் ஓட்டு அலிக்கு. உலகத்தின் விரிவிலும் சேட்டையிலும் போபோய்போய் முந்தும். புத்தகக் கணக்கிலும் அதுதான் முன்னால். திரையில் நின்ற 'கேலக்ஸி' கதையைக் காமிக்ஸில் தொடர்ந்தார்கள், அந்தக் காமிக்ஸ் கதை பிறகு திரைக்குத் திரும்பியது. பிளிஷும் சானும் அமெரிக்காவில் செய்ததை இங்கே செய்துகாட்டிவிட்டார்கள்.

இரண்டிலும் நம் ஆள் ஒருவர் உண்டு. போபோய்போயின் உயிர்த்தோழன் கோபால், எஜென் அலியில் மாத்தா அமைப்பின் தலைவர் ஜெனரல் ராமா. கோபாலின் சக்தி, கண்ணில் படுகிற பொருளை உணவாக மாற்றுவது. பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டு ராமன், சிரிப்புக்கு உத்தரவாதம். ராமா நேர் எதிர்: விறைப்பு, கட்டளை, பொறுப்பு. ஒருவர் கோமாளி, ஒருவர் துரை. இருவரையும் எனக்குப் பிடிக்கும், கோபாலை ரொம்பவே. ஆனால் இருவருக்கும் ஒன்று பொது. வீட்டுக்குள்ளே அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. பெயர் இருந்தும் முகவரி இல்லாத சூலு மாதிரி.

என் அக்கா மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். போபோய்போய் காமிக்ஸ் அத்தனையும் மலாயில் வாசித்துவிட்டான், பள்ளி நிலாம் வாசிப்புப் பதிவில் பாதிப் பக்கம் அதுதான். ஒரு நாள் படித்துக்கொண்டே கேட்டான்: "மாமா, கோபால் வீட்டுல அவங்க அப்பாகிட்ட தமிழ்லதானே பேசுவான்?"

"பேசுவான்னுதான் நினைக்கிறேன்டா."

"என்ன பேசுவான்?"

ஃபோர்டும் மெக்கின்டயரும் கேட்ட கேள்விதான் இது. ஒரு ஒட்டு நாவலின் முதல் வரி இப்படித்தான் பிறக்கிறது. பத்து வயசுப் பையனுக்கு அது தானாக வந்துவிட்டது. அவனுக்குக் கொடுக்க என்னிடம் புத்தகம் இல்லை. மலாயில் படிக்கட்டும், அது நம் நாட்டு மொழி, நானும் அப்படித்தான் படித்தேன். என் கவலை வேறு. அவன் கற்பனையின் எதிர்காலம் முழுவதும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. தமிழில் அவனுக்குக் கிடைப்பது நீதிக்கதையும் பழைய அரசனும். எதிர்காலம் நடக்காத மொழி என்று ஒரு மொழியைப் பிள்ளை மனசில் பதிய வைத்துவிட்டால், பிறகு எத்தனை மொழி விழா நடத்தினாலும் அது திரும்பாது.

முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். சுங்கைப் பட்டாணியின் கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற சிறுவர் மர்ம நாவல்களை இங்குள்ள பிள்ளைகளையே பாத்திரமாக்கி எழுதியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் சாகசம் படிக்கத் தயார் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் ஒருவர் எழுதுவது ஒரு தொடர். பலர் எழுதினால்தான் உலகம்.

சிலர் சொல்வார்கள்: போபோய்போய் கம்பெனியிடம் உரிமை வாங்கி கோபால் கதையைத் தமிழில் போடுவோம். போட்டால் முதல் பிரதி நான் வாங்குவேன். ஆனாலும் அது வாடகை வீடு. நாளைக்குக் கோபாலின் அப்பாவை அவர்கள் வேறு விதமாக எழுதினால், நாம் எழுதியது 'லெஜன்ட்ஸ்' ஆகிவிடும். லயத்தைக் காலி செய்த அனுபவம் ஒரு சமூகத்துக்கு ஒரு தடவை போதும்.

நான் சொல்வது இன்னொன்று. ஓர் உலகத்தைத் தொடங்கும்போதே பொது நிலமாகத் தொடங்குவது. நான்கைந்து எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு காலம், ஒரு இடம், மாறாத சில விதிகள், ஏழெட்டுப் பாத்திரங்கள் வகுத்துக்கொள்ள வேண்டும். யார் வேண்டுமானாலும் இதில் எழுதலாம், யாரும் யாரையும் வெளியேற்ற முடியாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பெர்ரி ரோடனின் பட்டறை முறையும் அகலிகையின் பத்திரமும் சேர்ந்தது. இடத்துக்கா பஞ்சம்? எங்கள் ஊருக்குப் பின்னால் 1,200 மீட்டருக்கு மேல் ஜெராய் மலை நிற்கிறது. அந்தப் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட செங்கல் அடித்தளங்கள். இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, யூரியா உரத் தொழிற்சாலை, நடுவே செம்பனை. சாண்டில்யன் 'கடல் புறா'வில் கடாரத்துக்குக் கப்பலைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். விண்கலம்தான் இன்னும் வந்தபாடில்லை.

இதில் எழுத வருபவர்கள் எல்லோரும் ஃபோர்டாக இருக்க மாட்டார்கள், பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். ஸ்டார் டிரெக்கின் பல நூறு நாவல்களிலும் பெரும்பாலானவை சுமார்தான். அந்தச் சுமாரான கூட்டத்தில்தான் ஒரு மெக்கின்டயர் வந்து ஒரு பையனுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கும் நாட்டில், பள்ளிக்கு ஒரு பிள்ளை நாலு பக்கம் எழுதினாலே அது ஒரு தொடக்கம்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். கதையில் கேப்டன் யார் என்று கேட்டான். இன்னும் முடிவாகவில்லை என்றேன். அப்படியென்றால் பெயர் மட்டும் தான் வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.